தமிழ்நாட்டில் பிறை பார்த்தல் சர்ச்சை

தமிழ்நாட்டில் பிறை பார்த்தல் சர்ச்சை என்பது, இஸ்லாமிய மாதங்களின் முதல் நாளை எவ்வாறு முடிவு செய்வது என்பது பற்றித் தமிழக முஸ்லிம்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டைக் குறிக்கும். ரமலான் நோன்பின் தொடக்கம், ஷவ்வால் முதல் நாளில் வரும் நோன்புப் பெருநாள், துல்ஹஜ் பத்தாம் நாளில் வரும் ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியவற்றை ஒட்டி ஆண்டுதோறும் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வீட்டில், பெருநாள் இரு வேறு நாட்களில் கொண்டாடப்படுவதுண்டு.

இஸ்லாமியச் சட்டப்படி பெருநாளன்று நோன்பு நோற்பது விலக்கப்பட்டது. தக்க காரணமின்றி ரமலான் நோன்பை விடுவதும் குற்றமாகும். எனவே ஒரு நாள் வேறுபட்டாலும், மறு தரப்பினர் விலக்கப்பட்டதைச் செய்கின்றனர் அல்லது கடமையைத் தவற விடுகின்றனர் என்று ஒவ்வொரு தரப்பினரும் கருத நேர்கிறது. இச்சர்ச்சை விடுமுறை நாள் பற்றிய ஒன்றாக மட்டும் அமையாததற்கு இதுவே காரணம்.

வானியல் பின்னணி

இஸ்லாமிய நாட்காட்டி முற்றிலும் நிலவை அடிப்படையாகக் கொண்டது. ஓர் ஆண்டில் 12 மாதங்களும் 354 அல்லது 355 நாட்களும் உள்ளன. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையிலான சராசரிக் காலம் 29.53 நாட்கள் ஆகும். ஆகையால் மாதம் 29 நாட்களிலோ 30 நாட்களிலோ முடியும். நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது. 29ஆம் நாள் மாலையில் மேற்கு வானில் பிறை தென்பட்டால் அப்போதே புதிய மாதம் தொடங்கிவிடும். தென்படாவிட்டால் நடப்பு மாதம் 30 நாட்களாக நிறைவு செய்யப்படும்.

இங்கு இரண்டு நிகழ்வுகளைப் பிரித்து அறிய வேண்டும். முதலாவது, நிலவு சூரியன் இருக்கும் திசைக்கே வந்து சேரும் அமாவாசைக் கணம். இது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே நேரம் ஆகும். பல ஆண்டுகளுக்கு முன்னரே இதை மிகத் துல்லியமாகக் கணிக்க இயலும். இரண்டாவது, பிறை கண்ணுக்குத் தெரியும் மாலை. இது இடத்துக்கு இடம் மாறும். அமாவாசைக்குப் பின் நிலவு சூரியனை விட்டு மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை விலகுகிறது. போதிய அளவு விலகிய பின்னரே பிறை கண்ணுக்குப் புலப்படும். இவ்விலகல் சுமார் 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் பிறையைக் காண இயலாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரே தான்யோன் 1930களில் கூறினார். இது தான்யோன் எல்லை எனப்படுகிறது. 2013 சூலை 8 அன்று, அமாவாசைக் கணத்திலேயே தொலைநோக்கி வழியாக நிலவின் மெல்லிய விளிம்பு படம் பிடிக்கப்பட்டது. எனினும் வெறுங்கண்ணுக்கு அவ்வெல்லை பெரும்பாலும் பொருந்துகிறது.

விலகல் மட்டுமன்றி, சூரியன் மறையும்போது நிலவு அடிவானத்திலிருந்து இருக்கும் உயரம், பிறையின் தடிமன், வானின் தெளிவு, பார்ப்பவரின் அனுபவம் ஆகியவையும் காட்சியைத் தீர்மானிக்கின்றன. எனவே கணக்கீட்டின் விடைகள் மூன்று வகைப்படும்: பிறையைக் காணவே முடியாத மாலை, எளிதில் காணக்கூடிய மாலை, இரண்டுக்கும் இடைப்பட்ட ஐயத்துக்குரிய மாலை.

மார்க்க அடிப்படைகள்

பிறைகள் மக்களுக்குக் காலத்தைக் காட்டுபவை என்ற கருத்து குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 189ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. பிறையைக் கண்டு நோன்பைத் தொடங்க வேண்டும், பிறையைக் கண்டு நோன்பை முடிக்க வேண்டும், மேகம் மறைத்தால் எண்ணிக்கையை நிறைவு செய்ய வேண்டும் என்ற பொருளில் முகம்மது நபியின் அறிவுரைகள் புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளன. எல்லாத் தரப்பினரும் இவற்றை ஏற்கின்றனர். இவற்றுக்குப் பொருள் கொள்வதிலேயே வேறுபாடு தோன்றுகிறது.

விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது குரைப் என்பவர் பற்றிய செய்தியாகும். அவர் சிரியாவில் வெள்ளி இரவில் பிறையைக் கண்டார். மதீனாவுக்குத் திரும்பிய பின் அதனை இப்னு அப்பாஸிடம் கூறினார். மதீனாவில் சனி இரவில்தான் பிறை தென்பட்டதாகவும், தாங்கள் அதன்படியே நடப்பதாகவும் இப்னு அப்பாஸ் விடையளித்தார். தொலைவூர்க் காட்சி தம்மைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு இதனை ஒரு சாரார் சான்றாகக் கொள்கின்றனர். இது இப்னு அப்பாஸின் சொந்த முடிவு என்று மறு சாரார் கூறுகின்றனர். இவர்கள், வெளியூரிலிருந்து வந்த பயணிகள் முந்தைய மாலை பிறை கண்டதாகச் சாட்சி கூறியபோது, நபி அதனை ஏற்று நோன்பை விடச் சொன்ன நிகழ்வைச் சுட்டுகின்றனர்.

சட்டப் பள்ளிகளான மத்ஹப்களும் இதில் வேறுபடுகின்றன. ஓரிடத்துக் காட்சி பிற இடங்களுக்கும் பொருந்தும் என்பது ஹனபி பள்ளியின் முதன்மைக் கருத்து. அடிவானம் வேறுபடும் தொலைவான ஊர்களுக்கு அது பொருந்தாது என்பது ஷாஃபிஈ பள்ளியின் முதன்மைக் கருத்து. தமிழகத்தின் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ பள்ளியினரும், உள்மாவட்டங்களில் ஹனபி பள்ளியினரும் மிகுதியாக வாழ்கின்றனர். சாட்சிகளின் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. ரமலான் தொடக்கத்துக்கு நம்பத்தகுந்த ஒருவரின் சாட்சி போதும் என்பது ஷாஃபிஈ பள்ளியின் நிலை. நோன்பை முடிப்பதற்கு இருவர் தேவை. வானம் தெளிவாக இருக்கும்போது ஓரிருவர் மட்டும் கண்டதாகக் கூறுவதை ஹனபி பள்ளி போதுமானதாகக் கொள்வதில்லை. பலர் காண வேண்டும் என்கிறது.

முதன்மை நிலைப்பாடுகள்

தமிழகத்தில் நான்கு நிலைப்பாடுகள் குறிப்பிடத்தக்கவை.

* தலைமை காஜியின் அறிவிப்பு: பெரும்பாலான பள்ளிவாசல் ஜமாஅத்துகள் அரசுத் தலைமை காஜியின் அறிவிப்பைப் பின்பற்றுகின்றன. மாநிலத்துக்குள்ளும் சுற்றியுள்ள பகுதிகளிலும் இருந்து வரும் பிறைச் சாட்சிகளை ஆராய்ந்து அவர் நாளை அறிவிக்கிறார்.
* தத்தம் பகுதியில் பிறை பார்த்தல்: தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் இந்நிலைப்பாட்டைக் கொண்டது. 2004இல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, காஜியின் அறிவிப்பைச் சாராமல் தனக்கு வரும் தகவல்களைக் கொண்டு தானே நாளை அறிவிக்கிறது. இரு முடிவுகளும் ஒன்றாக அமையும் ஆண்டுகளும் உண்டு.
* உலகப் பிறை: உலகில் எங்கு பிறை தென்பட்டதாக உறுதியானாலும் அது அனைவருக்கும் பொருந்தும் என்பது இக்கருத்து. சுருக்கமாக ஜாக் என அழைக்கப்படும் ஜம்இய்யத்து அஹ்லில் குர்ஆன் வல்ஹதீஸ் அமைப்பினர் இதனைப் பின்பற்றுகின்றனர். இதன் விளைவாக அவர்களது பெருநாள் பெரும்பாலும் சவூதி அரேபியாவின் நாளோடு ஒத்துப்போகிறது.
* கணக்கீட்டு நாட்காட்டி: அமாவாசை நிகழும் நாளே மாதத்தின் இறுதி நாள், அதற்கு அடுத்த நாள் புதிய மாதத்தின் முதல் நாள் என்பது இக்கருத்து. இதனைப் பரப்பியவர்களுள் அலி மணிக்பான் முதன்மையானவர். இலட்சத்தீவின் மினிக்காய் தீவில் 1938இல் பிறந்த இவர், மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். பின்னர் தமிழகத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 2021இல் இவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

மூன்றாம், நான்காம் நிலைப்பாடுகள் இரண்டும் உலகம் முழுவதற்கும் ஒரே நாளை நாடினாலும், அவை ஒன்றல்ல. முன்னது எங்கேனும் ஒரு கண் காண வேண்டும் என்கிறது. பின்னது அமாவாசைக் கணத்தையே எல்லையாகக் கொள்கிறது.

தலைமை காஜியின் சட்ட நிலை

ஆங்கிலேயர் ஆட்சியில் 1864ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அரசு காஜிகளை நியமிக்கும் முறையை நீக்கியது. திருமணம் முதலிய சடங்குகளுக்கு அரசு நியமித்த காஜி தேவை என்ற கோரிக்கைகளை அடுத்து 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தில் தலைமை காஜியும் மாவட்டக் காஜிகளும் இச்சட்டத்தின் அடிப்படையிலேயே நியமிக்கப்படுகின்றனர். எனினும் இச்சட்டத்தின் நான்காம் பிரிவு, காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிருவாக அதிகாரமோ எதையும் தரவில்லை என்று கூறுகிறது. 2017 சனவரியில் மணவிலக்குச் சான்றிதழ்கள் தொடர்பான வழக்கில், தலைமை காஜி வழங்கும் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

எனவே பிறை அறிவிப்பை ஏற்குமாறு எவரையும் சட்டப்படி கட்டாயப்படுத்த இயலாது. ஆயினும் அதற்கு நடைமுறை வலிமை உண்டு. அரசு விடுமுறைகள் அதனை ஒட்டி மாற்றப்படுகின்றன. பள்ளிவாசல்கள் தொழுகை நேரத்தை அதன்படி முடிவு செய்கின்றன. நீண்ட காலம் தலைமை காஜியாக இருந்த முப்தி சலாகுதீன் முகம்மது அய்யூப் 2025 மே மாதத்தில் காலமானார்.

சில எடுத்துக்காட்டுகள்

2018 நோன்புப் பெருநாள்: இந்திய நேரப்படி சூன் 14 அதிகாலை 1.13 மணிக்கு அமாவாசைக் கணம் நிகழ்ந்தது. அன்று மாலை பிறையின் வயது ஏறத்தாழ பதினேழரை மணி நேரம். பிறை தென்பட்டதாகக் கேரளத்தில் அறிவிக்கப்பட்டு, அங்கு சூன் 15 அன்று பெருநாள் கொண்டாடப்பட்டது. தமிழ்நாட்டில் சூன் 16 அன்று கொண்டாடப்பட்டது. கோழிக்கோட்டுக்கும் சென்னைக்கும் இடையே தீர்க்கக்கோட்டு வேறுபாடு நான்கரைப் பாகை, அதாவது 18 நிமிடங்களே. ஐயத்துக்குரிய மாலைகளில் அண்டை மாநிலங்கள் பிரிவதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

2024 மீலாது நபி: ரபியுல் அவ்வல் மாதப் பிறை செப்டம்பர் 4 மாலை தமிழ்நாட்டில் தென்படவில்லை என்று தலைமை காஜி அறிவித்தார். இதனால் மீலாது நபி விடுமுறையைத் தமிழக அரசு செப்டம்பர் 16இலிருந்து 17க்கு மாற்றியது. அமாவாசைக் கணம் செப்டம்பர் 3 காலை 7.25 மணிக்கு நிகழ்ந்ததால், செப்டம்பர் 4 மாலை பிறையின் வயது ஏறத்தாழ 35 மணி நேரமாகும். தெளிந்த வானில் இத்தகைய பிறையைக் காண்பது எளிது. கணக்கீடு காணலாம் என்று கூறும் மாலையிலும், கண்டதாகச் சாட்சி வராவிட்டால் மாதம் 30 நாட்களாகும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

2025 நோன்புப் பெருநாள்: மார்ச் 29 அன்று இந்திய நேரப்படி மாலை 4.28 மணிக்கு அமாவாசைக் கணம் நிகழ்ந்தது. அன்று ஐரோப்பா உள்ளிட்ட பகுதிகளில் பகுதிச் சூரிய கிரகணமும் தெரிந்தது. அன்றைய மாலையில் பிறையின் வயது சென்னையில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு; மக்காவில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. அரபு நாடுகளில் அன்று பிறையைக் காண இயலாது என வானியலாளர்கள் முன்னரே கூறியிருந்தனர். எனினும் சவூதி அரேபியா பிறை தென்பட்டதாக அறிவித்து மார்ச் 30 அன்று பெருநாளைக் கொண்டாடியது. கோயம்புத்தூர், கன்னியாகுமரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஜாக் அமைப்பைச் சார்ந்தோரும் அன்றே தொழுதனர். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மார்ச் 30 மாலை பிறை தென்பட்ட பின் மார்ச் 31 அன்று கொண்டாடினர்.

சவூதி அரேபியா மேற்கே இருப்பதால் அங்கு ஒரு நாள் முன்னதாகப் பிறை தெரிகிறது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இது முழு விளக்கமாகாது. சென்னைக்கும் மக்காவுக்கும் இடையே சூரியன் மறையும் நேர வேறுபாடு சராசரியாக 2 மணி 40 நிமிடங்கள். அந்நேரத்தில் நிலவு சூரியனை விட்டு மேலும் 1.3 பாகை அளவே விலகும். ஐயத்துக்குரிய மாலைகளில் இவ்வளவு வேறுபாடு போதுமானதாக இருக்கலாம். ஆனால் இரு நாடுகளுக்கும் அடிக்கடி ஒரு நாள் வேறுபடுவதற்கு, சாட்சிகளை ஏற்கும் முறையில் உள்ள வேறுபாடும் காரணமாகும்.

நில அமைப்பின் பங்கு: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

தமிழகத்தின் கடற்கரை பெரும்பாலும் கிழக்கு நோக்கியது. பிறை தோன்றுவதோ மேற்கில். எனவே கேரளக் கடற்கரையில் கிடைப்பது போன்ற தடையற்ற கடல் அடிவானம் தமிழகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலேயே கிடைக்கிறது. உள்மாவட்டங்களில் மலைகள் மேற்கு வானின் கீழ்ப்பகுதியை மறைக்கின்றன.

கள்ளக்குறிச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னர் தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி 2019இல் தனி மாவட்டமானது. இதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பகுதியான கல்வராயன் மலை அமைந்துள்ளது. சமவெளியிலிருந்து 800 மீட்டர் உயர்ந்த ஒரு முகட்டை 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், அது அடிவானத்தில் ஏறத்தாழ 1.8 பாகையை மறைக்கும். இந்த அகலாங்கில் நிலவு ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், பார்ப்பவர் இழப்பது ஏழெட்டு நிமிடங்கள். அதே முகட்டை மலையடிவாரத்தில் 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் மறைப்பு 9 பாகையாகும். முதல் மாலைப் பிறை பெரும்பாலும் இந்த உயரத்துக்குள்ளேயே இருப்பதால், அங்கிருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம்.

மலை மேலே நிலைமை வேறு. அங்கு தூசியும் புகையும் குறைவு. மேற்கு விளிம்பில் நிற்பவருக்கு அடிவானம் சற்றுத் தாழ்ந்தும் தெரியும். ஆயினும் மேற்கே சித்தேரி, சேர்வராயன் மலைகள் உள்ளதால் முழுத் திறப்பு கிடைப்பதில்லை. ஆகவே ஓர் ஊரில் பிறை தெரியவில்லை என்பது வானில் பிறை இல்லை என்பதாகாது. தம் ஊர்க் காட்சி மட்டுமே செல்லும் என்ற கருத்தை மிகக் குறுகிய எல்லையில் செயல்படுத்துவது கடினம் என்பதற்கு உலகப் பிறைக் கருத்தினர் இத்தகைய நில அமைப்பைச் சுட்ட இயலும். தத்தம் பகுதி என்பது ஒரு மாநிலம் அளவுக்கு விரிந்தால் இச்சிக்கல் தீரும் என்று மற்றோர் விடை கூற இயலும். ஆனால் அவ்வெல்லையை மாநில எல்லையில் நிறுத்துவதற்கு வானியல் காரணம் எதுவும் இல்லை.

பருவ காலமும் ஒரு காரணி. இஸ்லாமிய மாதங்கள் ஆண்டுக்கு 10 அல்லது 11 நாட்கள் முன்னதாக நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. 2003, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் ரமலான் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒட்டி அமைந்தது. இத்தகைய ஆண்டுகளில் மேகமூட்டத்தால் உள்ளூர்க் காட்சி அரிதாகி, வெளியூர்ச் செய்தியின் முக்கியத்துவம் கூடுகிறது.

அரஃபா நாள்

ஹஜ் பயணிகள் மக்காவுக்கு அருகிலுள்ள அரஃபா பெருவெளியில் கூடும் துல்ஹஜ் 9ஆம் நாளில், பயணம் மேற்கொள்ளாதோர் நோன்பு நோற்பது வழக்கம். தமிழகத்தின் துல்ஹஜ் 9 சவூதியின் துல்ஹஜ் 9க்கு மறுநாளாக அமைந்தால், எந்நாளில் நோன்பு நோற்பது என்ற கேள்வி எழுகிறது. பயணிகள் கூடும் நாளே அரஃபா நாள் என்போர் சவூதி தேதியைப் பின்பற்றுகின்றனர். நோன்பு தேதியைச் சார்ந்தது, செய்தித் தொடர்பு இல்லாத காலத்தில் தொலைவில் இருந்தோர் தம் ஊர்த் தேதியையே பின்பற்றினர் என்போர் உள்ளூர் 9ஆம் நாளில் நோற்கின்றனர்.

சமூக விளைவுகள்

ஓர் ஊரில் இரு பெருநாள்கள் அமையும்போது தொழுகைத் திடல், பள்ளிவாசல் ஆகியவற்றின் பயன்பாடு பற்றிப் பிணக்குகள் எழுவதுண்டு. குடும்பத்தில் தாய் நோன்பு நோற்றிருக்க, மகன் பெருநாள் உணவு உண்ணும் நிலையும் ஏற்படுகிறது. நாள் உறுதியாவது முந்தைய இரவில் என்பதால் தொழிலாளர், மாணவர், வணிகர் ஆகியோர் விடுப்பையும் பயணத்தையும் முன்கூட்டியே திட்டமிட முடிவதில்லை.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தமிழர் ரமலான் நடுவில் ஊர் திரும்பும்போது தனிச் சிக்கல் எழுகிறது. சவூதியில் ஒரு நாள் முன்னதாக நோன்பைத் தொடங்கியவர், தமிழகத்தில் மாதம் 30 நாட்களாக அமைந்தால் 31 நோன்புகள் நோற்க நேரிடும். எதிர்த் திசையில் செல்பவருக்கு 28 நோன்புகளே கிடைக்கலாம். சென்று சேர்ந்த ஊர் மக்களுடன் சேர்ந்து பெருநாள் கொண்டாட வேண்டும், 28 மட்டும் நோற்றவர் பின்னர் ஒரு நோன்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது அறிஞர் பலரின் தீர்ப்பாகும்.

பிற நாடுகளில்

இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் இணைந்து பிறை மாநாடு நடத்துகின்றன. 2013இல் கிண்ணியாவில் சிலர் கண்டதாகக் கூறிய நோன்புப் பெருநாள் பிறை ஏற்கப்படாததால் நாடளவில் பெரும் விவாதம் எழுந்தது. மலேசியா, சிங்கப்பூர், புருணை, இந்தோனேசியா ஆகிய நாடுகள் கணக்கீட்டு வரம்புகளைப் பொதுவாக வகுத்துள்ளன. பிறை 3 பாகை உயரமும் சூரியனிலிருந்து 6.4 பாகை விலகலும் பெற்றிருக்க வேண்டும் என்ற புதிய வரம்புக்கு அந்நாடுகள் 2021இல் உடன்பட்டன. துருக்கி நீண்ட காலமாகக் கணக்கீட்டு நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. 2016இல் இசுதான்புல்லில் கூடிய மாநாடு உலகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டியைப் பரிந்துரைத்தது.

கணக்கீட்டின் பயனும் எல்லையும்

இச்சர்ச்சையை மார்க்கத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலாகக் காண்பது பொருத்தமன்று. தொழுகை நேரங்களை எல்லாத் தரப்பினரும் கணக்கீட்டு அட்டவணைகளைக் கொண்டே அறிகின்றனர். பிறை தென்பட இயலாது என்று கணக்கீடு உறுதியாகக் கூறும்போது சாட்சியை மறுக்கலாம் என்ற கருத்தை, 14ஆம் நூற்றாண்டிலேயே ஷாஃபிஈ அறிஞர் தகியுத்தீன் சுப்கி முன்வைத்தார். 1939இல் எகிப்திய அறிஞர் அகமது முகம்மது ஷாகிர் கணக்கீட்டைக் கொண்டே மாதங்களைத் தொடங்கலாம் என்று எழுதினார்.

காண இயலாத மாலையில் வரும் தவறான சாட்சிகளை விலக்க கணக்கீடு உதவும். ஆனால் ஓரிடத்துக் காட்சி எவ்வளவு தொலைவுக்குச் செல்லும், எத்தனை சாட்சிகள் போதும், யாருடைய அறிவிப்பு ஊரைக் கட்டுப்படுத்தும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் வானியலில் விடை இல்லை. தமிழகத்தில் ஆண்டுதோறும் எழும் விவாதம் பெரும்பாலும் இம்மூன்றையும் பற்றியதே. 2025ஆம் ஆண்டிலும் இரு நாட்களில் பெருநாள் அமைந்தது இதனால்தான்.

இவற்றையும் பார்க்க

* இஸ்லாமிய நாட்காட்டி
* ரமலான் நோன்பு
* நோன்புப் பெருநாள்
* ஹஜ்ஜுப் பெருநாள்
* அமாவாசை
* கல்வராயன் மலை